பூட்டில்லாக் கதவின் முன் இரந்து நிற்பதோ?

அயலான் ஆண்ட காலத்தில் தமிழன் அடிமையாயிருந்தான் என்பதில் வியப்பொன்றுமில்லை. அன்று கையில் விலங்கு இருந்தது. கதவில் பூட்டு இருந்தது. வாயிலில் காவல் இருந்தது. விலங்கு கழன்ற பின்னும், பூட்டு திறந்த பின்னும், காவலன் தன் ஊர் போய்ச் சேர்ந்த பின்னும், அச்சிறைக்குள்ளேயே பாய் விரித்துப் படுத்திருப்பவனை என்னென்று சொல்வது? கணினித் துறையில் இன்றைய தமிழன் நிற்கும் நிலை இதுவே.

"கணினி ஆங்கிலேயனின் கருவி, அதில் தமிழுக்கு இடமில்லை, இடம் கேட்டால் அயல்நாட்டு முதலாளி தரமாட்டான்" என்று ஒரு தலைமுறையே சொல்லிச் சோம்பிக் கிடந்தது. அன்று அக்கூற்றில் ஓரளவு உண்மையும் இருந்தது. மென்பொருளின் நிரலை மூடி முத்திரையிட்டு விற்றவனிடம், தமிழில் ஒரு சொல் சேர்க்கவும் கைகட்டி நிற்க வேண்டியிருந்தது. இன்றோ நிலை வேறு. உலகின் வலைமனைகளையும் அலுவலகங்களையும் இயக்குகின்ற பெருங்கருவிகள் பல, நிரல் முழுவதும் வெளிப்படையாக, எவரும் எடுத்தாளலாம், எவரும் திருத்தலாம், எவரும் தம் மொழியில் மாற்றிக் கொள்ளலாம் என்னும் உரிமத்தோடு திறந்து கிடக்கின்றன. இவற்றையே கட்டற்ற மென்பொருள் என்றும் திறவூற்று மென்பொருள் என்றும் அறிஞர் வழங்குவர். இனியும் 'இடமில்லை' என்பவன் பொய் சொல்கிறான். அல்லது அறியாமையால் பிதற்றுகிறான்.

சட்டகம் என்பது யாது?

வலைச்சட்டகம் என்னும் சொல்லைக் கேட்டதும், 'இது பொறியாளர் செய்தி. தமிழ்ப்பற்றாளர்க்கு இதில் என்ன வேலை?' என்று புரட்டிவிட வேண்டா. தூத்துக்குடிக் கரையில் தோணி கட்டுவோரைப் பார்த்தவர்க்கு இது எளிதில் விளங்கும். அவர்கள் முதலில் அடிமரத்தை நிறுத்துவர். அதன் இருபுறமும் விலா எலும்புகள் போல் வளைமரங்களைப் பொருத்துவர். பின்னரே பலகை அறைவர். ஏற்றப்போவது உப்பாயினும் கருவாடாயினும் அடிக்கட்டு ஒன்றே.

வலைமனை கட்டுவதும் அத்தகையதே. பள்ளிக்கூடமோ, கூட்டுறவுக் கடையோ, மருத்துவமனையோ எதுவாயினும், வருவோரை அடையாளம் கண்டு உள்ளே விடுதல், அவர் தரும் செய்திகளைத் தரவகத்தில் சேர்த்தல், கேட்டபோது எடுத்துத் தருதல், எவர்க்கு எதைக் காணும் உரிமை, எவர்க்கு எதைத் திருத்தும் உரிமை என வரையறுத்தல், இறுதியில் அனைத்தையும் திரையில் ஒழுங்குறக் காட்டுதல் ஆகிய பணிகள் பொதுவானவை. இவற்றை ஒவ்வொருவனும் முதலிலிருந்து எழுதத் தொடங்கினால் வாழ்நாள் போதாது. ஒருமுறை செம்மையாக எழுதி, அனைவர்க்கும் பொதுவாக வைக்கப்பட்ட அடிக்கட்டே வலைச்சட்டகம்.

இத்தகைய கட்டு ஒன்று எங்கே பிறந்தது என்று பார்த்தால் சோம்பலுக்குச் சாட்டையடி விழும். 2003-ஆம் ஆண்டில், அமெரிக்காவின் கான்சாசு மாநிலத்தில், இலாரன்சு என்னும் நகரின் உள்ளூர்ச் செய்தித்தாள் அலுவலகத்தில், ஏட்ரியன் ஓலோவாட்டி, சைமன் வில்லிசன் என்னும் இருவர், செய்தித்தாளின் நெருக்கடியான நேர எல்லைக்குள் வலைப்பக்கங்களைக் கட்டி முடிக்கத் தங்களுக்கென ஒரு சட்டகம் ஆக்கினர். 2005 சூலையில் அதனைச் 'சாங்கோ' என்னும் பெயரில் உலகுக்கே திறந்துவிட்டனர். 2008-இல் அதனைப் பேண ஓர் அறக்கட்டளை அமைந்தது. இன்று அதன்மேல் எழுந்துள்ள வலைமனைகள் உலகெங்கும் உள்ளன. உள்ளூர்த் தாளிகை ஒன்றின் தேவை, உலகப் பொதுக்கருவியைப் பெற்றெடுத்தது! தமிழகத்தில் தாளிகைகளுக்குப் பஞ்சமா? தேவைக்குப் பஞ்சமா? இல்லை. முனைவுக்கே பஞ்சம்.

அமெரிக்கன் செய்தான் என்று ஒதுங்குவார்க்கு அண்மையிலேயே ஒரு சான்றுண்டு. மும்பையில் உருசபு மேத்தா என்னும் பொறியாளர், தம் குடும்பத்தின் அறைகலன் தொழிலுக்கு ஒரு கணக்கு மென்பொருள் வேண்டி, விலைக்கு வாங்கியது ஒத்துவராமையால், தாமே எழுதத் தொடங்கினார். அதிலிருந்து விளைந்ததே 'பிராப்பே' என்னும் சட்டகமும், அதன்மேல் நிற்கும் 'ஈ.ஆர்.பி.நெக்சுட்டு' என்னும் தொழில்மேலாண்மை மென்பொருளும். இரண்டும் திறவூற்று உரிமத்தில் வெளியிடப்பட்டவை.

அச்சட்டகத்தின் அடிப்படைக் கருத்து எளிது, ஆழமானது. 'ஆவணவகை' என்று அதனைத் தமிழில் சொல்லலாம். ஒரு படிவத்தில் எந்தெந்தக் கட்டங்கள் வேண்டும், ஒவ்வொன்றிலும் எண் வருமா, எழுத்து வருமா, நாள் வருமா என்று குறித்துக் கொடுத்தால் போதும். தரவகத்தில் அட்டவணையையும், நிரப்புதற்குரிய படிவத்தையும், பட்டியலையும், தேடும் வழியையும், பிற மென்பொருள்கள் வந்து செய்தி கேட்டுப் பெறும் வாயிலையும் சட்டகமே ஆக்கித் தந்துவிடும். எழுத்தர் பார்க்கலாம், மேலாளர் ஒப்பலாம், கணக்கர் மட்டுமே நீக்கலாம் என்று உரிமைகளைப் பகுக்கலாம். நிரல் எழுதத் தெரியாதவரும் ஒரு படிவத்தில் புதுக்கட்டம் சேர்க்கலாம். கட்டத்தின் பெயரை மாற்றலாம். திரையில் தோன்றும் சொற்களைப் பிறமொழிக்குப் பெயர்க்கவும் அதிலேயே வழியுண்டு.

மும்பையில் ஓர் அறைகலன் கடையின் கணக்கிலிருந்து உலகக் கருவி பிறக்குமாயின், தூத்துக்குடியின் உப்பளக் கணக்கிலிருந்தும், உடன்குடியின் கருப்புக்கட்டி வணிகத்திலிருந்தும் ஏன் பிறவாது?

குலசேகரன்பட்டினம் சொல்லும் பாடம்

கருவி எவனுடைமையோ அவனே ஆண்டான். இதனை அறியப் பெருநூல்களைப் புரட்ட வேண்டியதில்லை; குலசேகரன்பட்டினத்தின் வரலாற்றைப் பார்த்தால் போதும். இக்கடற்கரை ஊருக்கு ஒரு காலத்தில் தொடர்வண்டி இருந்தது என்பதை இன்றைய இளைஞர் பலர் அறியார். பாரி குழுமத்தார் தம் சர்க்கரை ஆலைக்குத் துணையாகத் திருச்செந்தூர்ப் பக்கத்திலிருந்து சிறுபாதை அமைத்து 1915 முதல் 1940 வரை வண்டி ஓட்டினர். மக்களும் அதில் ஏறிச் சென்றனர். முதலாளிக்கு அது தேவைப்பட்ட வரை ஓடியது. தேவை தீர்ந்ததும் நின்றது. ஊரார்க்குக் கேட்க உரிமையில்லை; ஏனெனில் தண்டவாளம் ஊராருடையதன்று.

மூடிய மென்பொருளும் இத்தகைய தண்டவாளமே. விற்பவன் நினைத்தால் விலையேற்றுவான், நினைத்தால் நிறுத்துவான், தமிழ் தனக்கு ஊதியம் தராது என்று கணக்கிட்டால் தமிழை இறக்கிவிட்டுப் போவான். திறந்த சட்டகமோ ஊர்ப்பொதுக் குளம் போன்றது. அதனை வெட்டியவன் ஊரைவிட்டுப் போனாலும் குளம் போகாது. பிராப்பே நிறுவனத்தார் நாளையே கடையை மூடினாலும், வெளியிடப்பட்ட நிரல் எவர் கணினியில் உள்ளதோ அவர் அதனை மேலும் வளர்க்கலாம், தடுப்பார் எவருமில்லை.

உரிமங்களுக்குள்ளும் வேறுபாடுண்டு, தமிழர் அதனையும் தெளிதல் வேண்டும். பிராப்பே சட்டகம் 'எம்.ஐ.டி.' உரிமத்தது, எடுத்தவன் தான் செய்த மாற்றத்தை மறைத்து வைத்துக்கொள்ளவும் அது இடம் தருகிறது. ஈ.ஆர்.பி.நெக்சுட்டோ பொதுமக்கள் உரிமத்தது. 1983-இல் கட்டற்ற மென்பொருளுக்கெனத் திட்டம் அறிவித்த இரிச்சர்டு சுடால்மன், 1989-இல் வகுத்த உரிமத்தின் வழிவந்தது அது. 'எடுத்தாள், திருத்து, ஆனால், திருத்தியதைப் பிறர்க்குக் கொடுக்கும்போது நிரலையும் அதே உரிமையோடு கொடு' என்பது அதன் நெறி. தண்ணீரை மொண்டு கொள்ளலாம். குளத்துக்கு வேலி போடலாகாது. தமிழ்ப்பொதுவுக்கென ஆக்கப்படும் கருவிகள் இவ்விரண்டாம் நெறியில் நிற்பதே தக்கது.

அதே குலசேகரன்பட்டினத்தில், 2024 பிப்ரவரி 28-ஆம் நாள், இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் இரண்டாம் ஏவுகளத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. இங்கிருந்து தெற்கு நோக்கி ஏவினால் இலங்கையைச் சுற்றி வளைய வேண்டியதில்லை, எரிபொருள் மிச்சம். ஆகவே சிறு செயற்கைக் கோள்களுக்கு இவ்விடம் ஏற்றதெனத் தேர்ந்தனர். மண் தமிழர் மண்; கடல் தமிழர் கடல். அக்களத்தின் கணினி அறைகளில் அமரப்போவார் எவர்? வாயிற்காவலுக்கும் புல் வெட்டுவதற்கும் மட்டும் இவ்வூர்ப் பிள்ளைகள் போதும் என்னும் நிலை வருமாயின், அது 1915-இன் தண்டவாளக் கதையே. தொழில்நுட்பத்தைத் தாய்மொழியில் கற்று, அதன் உள்ளுறுப்புகளைத் திறந்து பார்த்துப் பழகிய தலைமுறையே அறைக்குள் அமரும். அப்படித் திறந்து பார்த்துப் பழகுதற்குத் திறவூற்று மென்பொருளைவிட நல்ல பள்ளி வேறில்லை, கட்டணமும் இல்லை.

பண்டிதர்க்கு இங்கே வேலையுண்டு

'எல்லாம் பொறியாளர் செய்வர்' என்று தமிழறிஞர் ஒதுங்குவதே பெருங்கேடு. கருவி திறந்து கிடந்தாலும் அதன் எலும்புக்குள் ஆங்கிலம் ஊறிக் கிடக்கிறது. அதனைக் கண்டறிந்து களையத் தமிழ் இலக்கணம் அறிந்தவன் வேண்டும்.

முதலாவது, பெயர். இச்சட்டகங்களில் பயனர் பதிவுக்குரிய படிவம் முதற்பெயர், இறுதிப்பெயர் என்று கேட்கிறது. தமிழனுக்குக் குடும்பப்பெயர் ஏது? தந்தை பெயரின் முதலெழுத்தைத் தலைப்பெழுத்தாகத் தாங்குபவன் அவன். அப்படிவத்தை நிரப்பும் தமிழ்ப்பிள்ளை, தன் தந்தையைக் குடும்பப்பெயராக்கி, தன் பெயரையே தலைகீழாக எழுதப் பழகுகிறான். திறந்த சட்டகத்தில் இக்கட்டங்களை மாற்ற எவரிடமும் இசைவு கேட்க வேண்டியதில்லை. இருந்தும் மாற்றுவார் அரியர்.

இரண்டாவது, எழுத்தெண்ணிக்கை. 'தமிழ்' என்பது மூன்றெழுத்து என்று முதல் வகுப்புப் பிள்ளையும் சொல்லும். பைத்தான் மொழியைக் கேட்டால் ஐந்து என்னும். ஏனெனில் ஒருங்குறியில் இகரக் குறிக்கும் புள்ளிக்கும் தனித்தனிக் குறியீடு கொடுத்துள்ளனர். பத்தெழுத்துக்கு மிகாமல் எழுதுக என்று கட்டம் வரையறுத்தால் தமிழனுக்கு ஆறெழுத்தில் கதவு மூடிக்கொள்ளும்.

மூன்றாவது, அகரவரிசை. ய, ர, ல, வ, ழ, ள, ற, ன என்பது தமிழ் நெடுங்கணக்கு. ஒருங்குறியிலோ நகரத்தை ஒட்டி னகரமும், ரகரத்தை ஒட்டி றகரமும், லகரத்தை ஒட்டி ளகர ழகரங்களும் வைக்கப்பட்டுள்ளன. குறியீட்டெண்ணையே நம்பி ஒரு நிரல் வரிசைப்படுத்தினால், மாணவர் பெயர்ப்பட்டியலும் அகரமுதலியும் நிலைகுலைந்து போகும். இவ்விரு குறைகளுக்கும் மருந்தும் ஆக்கப்பட்டுவிட்டது: முத்து அண்ணாமலையும் தோழரும் பைத்தான் மொழிக்கென எழுதித் திறந்து வைத்துள்ள 'ஓப்பன் தமிழ்' என்னும் நிரற்றொகுதி, எழுத்தை எழுத்தாகவே எண்ணும்; நெடுங்கணக்கின்படி அடுக்கும். தமிழிலேயே நிரல் எழுதுதற்கு 'எழில்' என்னும் மொழியையும் ஆக்கியவர் அவர். எடுத்து ஆள்வாரைத்தான் காணோம்.

நான்காவது, வேற்றுமை. இதுவே நுட்பமானது. சட்டகத்தில் ஒரு வெற்றிடம் விட்டு, அதன்பின் ஒரு சொல்லை ஒட்டி வாக்கியம் ஆக்குவர். ஆங்கிலத்தில் அது ஓடும். தமிழில் 'மரம்' என்னும் சொல் வெற்றிடத்தில் விழுந்து, பின்னே 'ஐ' நின்றால், 'மரம்ஐ நீக்கு' என்று திரை உளறும். 'மரத்தை' என்று சாரியை பெற்றுப் புணர்வது கணினிக்குத் தெரியாது. மொழிபெயர்த்த பொறியாளனுக்கும் நினைவில்லை. தொல்காப்பியமும் நன்னூலும் புணரியலில் வகுத்த விதிகள், இன்ன ஈற்றின்முன் இன்னது வந்தால் இன்னவாறு ஆகும் என்னும் ஒழுங்கில் அமைந்தவை. நிரல் என்பதும் அதுவே அன்றோ? அவ்விதிகளை நிரலாக்கினால் எந்தச் சட்டகமும் பிழையற்ற தமிழ் பேசும். அதுவரை, உருபு ஏலாதபடி 'நீக்கப்பட்டது: மரம்' என்று வாக்கியத்தைத் திருப்பியமைக்கும் அறிவேனும் மொழிபெயர்ப்பார்க்கு வேண்டும்.

புலவனின்றிப் பொறியாளன் மட்டும் இப்பணியைச் செய்யின் மொழி முடமாகும். பொறியாளனின்றிப் புலவன் மட்டும் முழங்கின் காற்று வீணாகும்.

ஒவ்வாக் கூற்றுகளும் அவற்றின் விடையும்

'நிரல்மொழியே ஆங்கிலமாயிற்றே, பின் தமிழால் ஆவதென்ன?' என்பார் சிலர். பைத்தான் மொழியில் கட்டளைச் சொற்கள் மொத்தம் 35. எஞ்சிய பெயர்களுள் பல எழுதுவான் இடுவனவே. 2008-இல் வெளிவந்த அதன் மூன்றாம் பதிப்பு முதல், அப்பெயர்களைத் தமிழெழுத்திலேயே இடலாம். 35 அயற்சொல்லுக்கு அஞ்சி, எண்ணற்ற தமிழ்ச்சொல்லைக் கைவிடுவது எவ்வகை அறிவு?

'தனித்தமிழ்ச் சொற்கள் மக்களுக்கு விளங்கா' என்பார் வேறு சிலர். கணினி, இணையம், மென்பொருள், மின்னஞ்சல் என்னும் சொற்களைக் கேட்டு நகைத்தவரும் இவர்களே. இன்று அச்சொற்கள் செய்தித்தாளிலும் பள்ளி நூலிலும் இயல்பாய் வழங்குகின்றன. இம்முத்துக்குளித்துறையில் கடலடியிற் சங்கும் முத்தும் எடுத்தவர், நீரோட்டத்துக்கும் காற்றுக்கும் பாருக்கும் மீனுக்கும் வலைக்கும் தனித்தனிப் பெயரிட்டு வாழ்ந்தவர். எந்த அயலானிடம் அவர்கள் சொல் கடன் வாங்கினர்? தொழில் தன் கையில் இருந்தபோது சொல்லும் தன் வாயில் இருந்தது. தொழில் கைமாறியபோது சொல்லும் மாறிற்று. ஆகவே சொல்லைக் காக்க விரும்புவோன் தொழிலைக் கைக்கொள்ள வேண்டும்.

'புதிய கருவிக்குத் தமிழ் ஏலாது' என்பார்க்கும் இக்கரையே விடை சொல்லும். அச்சுப்பொறி என்னும் புதுமை கடல்வழி வந்தபோது, இந்தியமொழிகளுள் முதன்முதல் தன் எழுத்திலேயே அச்சேறியது தமிழே. 1578-இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' என்னும் நூலை ஆக்கிய என்றிக்கே என்றீக்கசு, இப்பகுதியின் புன்னைக்காயலில் வாழ்ந்து தமிழ் கற்ற அயல்நாட்டுப் பாதிரியார். நானூறு ஆண்டுக்கு மேற்பட்ட முன்னைக் காலத்தில் ஈயத்தில் வார்க்கத் தமிழெழுத்து ஏற்றதாயிருந்தது. இன்று மின்திரைக்கு ஏலாதாம்! 1985-இலேயே மலேசியத் தமிழர் முத்து நெடுமாறன் 'முரசு அஞ்சல்' ஆக்கினார். 1999-இல் சென்னையில் கூடிய மாநாடு தமிழுக்கெனத் 'தமிழ்99' விசைப்பலகையை வகுத்தது. பாதையிட்டவர் இட்டுவிட்டனர். நடக்க வேண்டியவரே நிற்கின்றனர்.

செய்யத்தக்கது

தமிழ் ஆட்சிமொழிச் சட்டம் 1956-இலேயே வந்தது. ஆயினும், தமிழ்நாட்டின் அலுவலக வலைமனைகள் பலவற்றில் ஆங்கிலமே நடுக்கூடத்தில் வீற்றிருக்கத் தமிழ் ஒரு மூலைப் பொத்தானாய் ஒடுங்கிக் கிடக்கிறது. அப்பொத்தானை அழுத்தினாலும் தலைப்பு மட்டும் தமிழாகிப் படிவம் ஆங்கிலமாகவே நிற்கும் இடங்கள் உண்டு. மேடையேறி மொழிகாப்பு முழங்குவோரும் தம் மன்றத்தின் உறுப்பினர் பட்டியலை ஆங்கிலத்திலேயே கணினியில் வைத்திருப்பர். இவ்விரட்டை வாழ்வு ஒழிதல் வேண்டும்.

அரசு செய்யத்தக்கது ஒன்று: மக்கள் வரிப்பணத்தில் ஆக்கப்படும் மென்பொருள் எதுவும் திறந்த நிரலாக, தமிழை முதன்மொழியாகக் கொண்டதாக அமைதல் வேண்டும் என்று ஆணையிடுதல். அண்டையிலுள்ள கேரளம் தன் பள்ளிகளில் கட்டற்ற மென்பொருளைப் புகுத்தி, பிள்ளைகளை அதிலேயே பழக்கிவிட்டது. தமிழகம் பின்பற்றுவதில் இழுக்கில்லை.

பள்ளிகள் செய்யத்தக்கது ஒன்று: தமிழாசிரியரும் கணினி ஆசிரியரும் ஒரு மேசையில் அமர்ந்து, ஒரு சட்டகத்தை இறக்கி, தம் பள்ளியின் வருகைப் பதிவையும் நூலகப் பட்டியலையும் முற்றும் தமிழில் ஆக்குதல். இதற்கு உரிமத் தொகை ஒரு காசும் இல்லை.

இளைஞர் செய்யத்தக்கது ஒன்று: சாங்கோவிலும் பிராப்பேயிலும் உள்ள தமிழ்ச் சொற்பட்டியலைத் திறந்து, பிழையைத் திருத்தி, விடுபட்டதை நிரப்பி அனுப்புதல். ஒருவன் ஊரிலிருந்து திருத்தி அனுப்பும் ஒரு சொல், ஏற்கப்பட்டதும் அச்சட்டகத்தின் அடுத்த பதிப்போடு உலகத் தமிழர் அனைவர்க்கும் போய்ச் சேரும். ஈழத்தமிழரும் மலேசியத் தமிழரும் தமிழகத் தமிழரும் ஊதியம் கருதாது கூடி, கணினித் திரைகளுக்குத் தமிழ் தந்த வரலாறு முன்னமே உண்டு. அவ்வழியில் ஒவ்வொருவரும் நாளொன்றுக்குப் பத்துச் சொல் பெயர்த்தால், ஓராண்டில் 3,650 சொல். நூறு பேர் சேர்ந்தால் எந்தச் சட்டகம் தமிழாகாமல் நிற்கும்?

1942-இல் வெள்ளையனை எதிர்த்துக் கிளர்ந்து கொடுஞ்சிறை கண்டது குலசேகரன்பட்டினம். அன்று பூட்டை உடைக்க உயிரையே விலையாய் வைக்க வேண்டியிருந்தது. இன்று பூட்டே இல்லை. கதவைத் தள்ளக் கை ஒன்று போதும். அக்கையையும் நீட்டாது, 'எவரேனும் தமிழைத் தாருங்கள்' என்று வாயிலில் இரந்து நிற்கும் இனத்துக்கு எவனும் எதுவும் தரமாட்டான், தரவேண்டியதும் இல்லை.

திறந்து கிடக்கிறது கதவு. தமிழிளைஞர் உட்புகுக! உள்ளே உள்ளதைத் தமிழாக்குக! தமிழாக்கியதை உலகத் தமிழர் அனைவர்க்கும் பொதுவாக்குக!